உண்மைக் குற்ற நூல்கள் பாதியிலேயே அலுப்பது ஏன்?

வெண்தாள்:
கொலை வழக்குகளைப் பற்றிய புத்தகங்கள்ல பாதிக்கு மேல நூறு பக்கம் தாண்டறதுக்குள்ள அலுத்துப்போகுது. செய்தியா வந்தப்போ எல்லாரும் மூச்சுப் பிடிச்சுப் படிச்ச வழக்கு, புத்தகமானதும் ஏன் செத்துப்போகுது? நடைதான் காரணமா, இல்ல அமைப்பிலேயே கோளாறா? வாங்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்க வழி இருக்கா?

ஏட்டுச்சுவடி:
பெரும்பாலும் அமைப்புதான். கொலையாளி யாரென்று பின்னட்டையிலேயே போட்டுவிடுகிறார்கள். அதன்பிறகு "யார்?" என்ற கேள்வியை வைத்து 200 பக்கம் இழுத்தால் எப்படி ஓடும்? வாசகருக்குத் தெரியாத வேறொன்றை ஆசிரியர் கையில் வைத்திருக்க வேண்டும்.

ட்ரூமன் கபோட்டியின் 'இன் கோல்ட் பிளட்' இதற்கு நல்ல பாடம். 1959 நவம்பரில் கான்சாஸ் மாநிலத்தில் ஒரே குடும்பத்தில் 4 பேர் கொல்லப்பட்ட வழக்கு. கொலைகாரர்கள் இருவரும் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறார்கள். உடல்கள் கிடைப்பதும் முதல் பகுதியில்தான். ஆனால் அந்த இரவு வீட்டுக்குள் என்ன நடந்தது என்பது மூன்றாம் பகுதியில், வாக்குமூலம் வழியாகத்தான் தெரியவரும். நடுவில் உள்ள பக்கங்களைத் தாங்குவது அந்த இடைவெளி.

அடுத்த பெரிய கோளாறு நீதிமன்றப் பகுதி. விசாரணையில் ஒரே தகவல் அரசுத் தரப்பு உரையில் ஒருமுறை, சாட்சியத்தில் ஒருமுறை, குறுக்கு விசாரணையில் ஒருமுறை, இறுதி வாதத்தில் இன்னொருமுறை வரும். அந்த வரிசையிலேயே எழுதினால், புலனாய்வுப் பகுதியில் படித்ததையே வாசகர் மறுபடி நாலு தடவை படிக்கிறார். கூண்டில் ஏறியபிறகு புதிதாக என்ன வெளிப்பட்டது, எந்தச் சாட்சி தடுமாறினார், எந்தச் சான்றை நீதிபதி ஏற்கவில்லை, இவை மட்டும் போதும். மற்றதை ஒரு பத்தியில் முடித்துவிடலாம்.

கரிக்கோல்:
அமைப்பு சரி, நம்பிக்கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "கதவைத் திறந்தபோது அவள் மனதில் இனம்புரியாத அச்சம்" என்று ஒரு வரி. அவள் இறந்துவிட்டாள், கூட யாரும் இல்லை. அந்த அச்சத்தை ஆசிரியரிடம் சொன்னது யார்? இப்படி இரண்டு வரி கண்ணில் பட்டதும், அடுத்து வரும் உண்மையான தகவலையும் வாசகர் சந்தேகத்தோடுதான் படிப்பார். கபோட்டியும் இதற்கு விலக்கல்ல. அவர் நூல் முடிகிற கல்லறைத் தோட்டக் காட்சி நடக்கவே இல்லை; கற்பனை.

எனக்கு இன்னும் உறுத்துவது இறந்தவரின் இடம். கொலையாளியின் பால்யத்துக்கு 40 பக்கம், இறந்தவருக்கு வயதும் தொழிலும் மட்டும். யாரை இழந்தோம் என்று தெரியாதபோது வாசகருக்குப் பதற்றம் எங்கிருந்து வரும்? ஹாலி ரூபன்ஹோல்டின் 'தி ஃபைவ்' (2019) நேர் எதிர்வழியில் போனது. 1888-ல் லண்டனில் கொல்லப்பட்ட 5 பெண்களின் வாழ்க்கைதான் நூல் முழுக்க. கொலைகளை அநேகமாக விவரிப்பதே இல்லை. ஆனாலும் கீழே வைக்க முடியாது.

தாள்முனை:
வாங்கும் முன் பார்க்க வேண்டியவை: தீர்ப்பு வந்த ஆண்டையும் நூல் வெளியான ஆண்டையும் ஒப்பிடுங்கள். சில மாதங்களே இடைவெளி என்றால் செய்தித்தாள் நறுக்குகளைக் கோத்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். பிறகு கடைசிப் பக்கங்கள். உரையாடல் எங்கிருந்து வந்தது, யாரைப் பேட்டி கண்டார், எந்த ஆவணம் என்று குறிப்பு இருக்கிறதா? மூன்றாவது, மாதிரிக்கு முதல் அத்தியாயத்தைப் படிக்காதீர்கள், அதைத்தான் அதிகம் செதுக்கியிருப்பார்கள். நடுவில் 5 பக்கம் புரட்டுங்கள். அதற்குள் பத்துப் புதுப் பெயர்கள், ஒவ்வொருவருக்கும் பதவியும் தோற்றமும் மட்டும் என்றால் வைத்துவிடுங்கள். "நினைத்திருக்கக்கூடும்", "உணர்ந்திருப்பார்" அடிக்கடி வந்தாலும் அப்படியே.

வெண்தாள்:
துப்பு துலங்காத வழக்குகள்? அதுல முடிவே இல்லையே.

ஏட்டுச்சுவடி:
முடிவு இல்லாதது குறையே அல்ல. ஒருவரைக் குற்றவாளியாக முதலிலேயே முடிவுகட்டி, ஒத்துவருவதை மட்டும் பொறுக்கி அடுக்குவதுதான் அத்தகைய நூல்களைக் கெடுக்கிறது. அந்த நபர் சம்பவ நேரத்தில் வேறிடத்தில் இருந்ததற்கான சாட்சியம், பொருந்தாத கைரேகை, இவற்றுக்கு ஆசிரியர் எத்தனை பக்கம் கொடுத்திருக்கிறார் என்று பாருங்கள். தன் ஊகத்துக்கு எதிரான சான்றை முழு பலத்தோடு முன்வைத்து, அதோடு மல்லுக்கட்டுகிற நூல் விடை இல்லாமலே கடைசிப் பக்கம் வரை இழுத்துப்போகும்.