எலிக்குக் கைப்பழக்கம் கற்றுக்கொடுக்க இன்னும் ஆள் எதற்கு?

லீவர்ராஜா
எலியின் கைத்திறனை ஆராயும் பல ஆய்வகங்களில் இன்றும் நடப்பது இதுதான். ஒரு மாணவர் கூண்டு முன்னால் உட்கார்ந்து, இடுக்கியால் சர்க்கரை உருண்டையை எடுத்துச் சின்ன மேடையில் வைப்பார். எலி பிளவு வழியே கையை விட்டு அதை எடுக்கும், அல்லது தட்டிவிடும். அவர் தாளில் கோடு போடுவார். அப்புறம் அடுத்த உருண்டை. முதுகுவலி இலவசம்.

2013-இல் ஹார்வர்டில் பென்ஸ் ஓல்வெட்ஸ்கி குழு, எலி வசிக்கும் கூண்டிலேயே கருவிகளைப் பொருத்திப் பயிற்சியை முழுக்கக் கணினியிடம் விட்டது. எலி ஒரு படி தேறினால் மென்பொருளே அடுத்த படிக்கு நகர்த்தும். கற்கும் வேகம், ஆள் வைத்துப் பழக்கும் முறைக்கு இணையாகவே இருந்தது. பயிற்சி, அளவீடு இரண்டிலிருந்தும் மனிதர் விலகிக்கொள்ளலாம் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வாருங்கள்.

பழங்கூண்டு
தம்பி, பயிற்சியை இயந்திரம் தாராளமாகக் கொடுக்கட்டும். என் சண்டை அளவீட்டில்தான்.

உருண்டை வாய்க்குப் போனதா இல்லையா என்று சென்சார் சொல்லிவிடும். எப்படிப் போனது? கனடாவின் லெத்பிரிட்ஜில் இயன் விஷா வீடியோவை ஃபிரேம் ஃபிரேமாக ஓட்டி, அரை நொடிகூட ஆகாத அந்த எடுப்பைப் பத்துக் கூறுகளாகப் பிரித்தார். விரல்கள் உடம்பின் நடுக்கோட்டுக்கு வரும், முழங்கை உள்ளே ஒடுங்கும், கை முன்னேறும், விரல்கள் விரியும். உள்ளங்கை கவிழும்போது சுண்டுவிரல் பக்கத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு விரலாக இறங்கும். சாதாரண வேகத்தில் பார்த்தால் இது எதுவுமே தெரியாது.

மூளையில் பக்கவாதம் உண்டாக்கிய எலி, சில வாரங்களில் மறுபடி உருண்டை எடுக்க ஆரம்பிக்கும். எண்ணிக்கை ஏறும். ஆனால் வீடியோவில் மணிக்கட்டு சரியாகத் திரும்பாது. உடம்பையே சாய்த்து, கையைத் தோளோடு இழுத்து, வாயைக் கைக்குக் கொண்டுபோகும். அது குணமானது அல்ல, சமாளிப்பு. உங்கள் சென்சார் இரண்டுக்கும் ஒரே மதிப்பெண் போடும்.

நடுராத்திரி
சுழலும் தடிமேல் சுண்டெலியை நடக்கவிடும் ரோட்டாராடிலும் இதே கூத்துதான். தடியின் வேகம் ஐந்து நிமிடத்தில், நிமிடத்துக்கு 4 சுற்றிலிருந்து 40-க்கு ஏறும். சுண்டெலி விழுந்தால் கீழே இருக்கும் தட்டு நேரத்தை நிறுத்தும். சில சுண்டெலிகள் நடப்பதே இல்லை, தடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கூடவே சுற்றும். டைமர் பாட்டுக்கு ஓடும். தானியங்கி அளவீட்டின்படி அதுதான் சாம்பியன்.

லீவர்ராஜா
அது சென்சாரின் குறை, தானியக்கத்தின் குறை இல்லை. வீடியோவில் உடல் உறுப்புகளைத் தானே அடையாளம் காணும் டீப்லேப்கட் மென்பொருள் வந்தே வருடங்கள் ஆயிற்று. 2018-இல் வெளியான கட்டுரையில் சுமார் 200 ஃபிரேம்களில் கையால் புள்ளி வைத்தார்கள். மிச்ச வீடியோவில் விரல் நுனி எங்கே, மணிக்கட்டு எங்கே என்று மனிதருக்கு ஈடாக அதுவே காட்டியது. பத்துக் கூறுகளையும் கணினியே பார்க்கும், மாலையானால் கண் களைத்துப்போகாது.

மனிதர் அறைக்குள் வருவதே முடிவை மாற்றும் ஒரு காரணி என்பதையும் மறக்காதீர்கள். 2014-இல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி மோகில் குழு காட்டியது நினைவிருக்கிறதா? பக்கத்தில் ஆண் இருந்தாலே எலிகளுக்கு மன அழுத்தம் ஏறி, வலி உணர்வு மட்டுப்படுகிறது. ஆண் போட்டிருந்த சட்டையை வைத்தாலே போதுமாம். 1999-இல் சயன்ஸ் இதழில் வந்த கிராப் குழுவின் ஆய்வு இன்னும் வேடிக்கை. ஆல்பனி, போர்ட்லேண்ட், எட்மன்டன் என மூன்று ஊர்களில் ஒரே வகைச் சுண்டெலிகள், ஒரே கருவிகள், ஒரே விதிமுறை. இருந்தும் சில சோதனைகளில் முடிவு ஊருக்கு ஊர் மாறியது. எட்மன்டனில் சோதித்தவர்களில் ஒருவருக்குச் சுண்டெலி ஒவ்வாமை, காற்றை ஊதும் தலைக்கவசம் போட்டுக்கொண்டு வேலை செய்தாராம். சுண்டெலி என்ன நினைத்திருக்கும்?

பழங்கூண்டு
அதே ஆய்வை என் பக்கத்துக்கும் எடுத்துக்கொள்ளலாம். அவ்வளவு கறாராகச் சீராக்கியும் வித்தியாசம் போகவில்லையே. பெட்டியை ஒரே மாதிரி செய்துவிட்டால் எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிடாது.

பெட்டிக்கு ஏற்ப கேள்வியே மாறிவிடுகிறது என்பது இன்னொரு சிக்கல். 2015-இல் அதே ஹார்வர்டு குழு நியூரான் இதழில் எழுதியது. எலி லீவரை இரண்டு முறை அழுத்தவேண்டும், நடுவில் 700 மில்லிநொடி இடைவெளி. நன்றாகத் தேறிய பிறகு, அசைவுகளை இயக்கும் மூளைப் புறணியான மோட்டார் கார்டெக்ஸை நீக்கினாலும் திறமை அப்படியே இருந்தது. முன்கூட்டியே நீக்கினால் கற்கவே முடியவில்லை. அருமையான முடிவு. ஆனால் லீவர் அழுத்த விரல் நுணுக்கம் தேவையில்லை. உருண்டை எடுக்கும் எலிக்கு மோட்டார் கார்டெக்ஸைச் சிதைத்தால் கை கெட்டுத்தான் போகிறது. பெட்டிக்கு லீவர்தான் சுலபம் என்பதால் லீவரில் கண்டதையே ‘இயக்கத் திறன்’ என்று பொதுவில் பேசினால் எப்படி?

லீவர்ராஜா
ஐயா, அவர்கள் கண்மூடித்தனமாகப் பொதுமைப்படுத்தவில்லை. நுணுக்கமான விரல் வேலை வேறு என்பது அவர்களுக்கும் தெரியும். அந்தப் பெட்டி இல்லாவிட்டால் அந்தக் கேள்வியைக் கேட்டே இருக்க முடியாது. ஒவ்வோர் எலியும் அந்த 700 மில்லிநொடியை நிரப்பத் தனக்கென்று ஓர் அசைவுத் தொடரைக் கண்டுபிடித்து, ஆயிரக்கணக்கான முறை அச்சுப் பிசகாமல் செய்கிறது. ஆள் உட்கார்ந்து அத்தனை ஆயிரத்தை எப்படிச் சேர்ப்பது? 2021-இல் அதே வகைப் பயிற்சியை வைத்துத்தான், அந்த அசைவின் நுணுக்கம் மூளையின் ஆழத்திலிருக்கும் ஸ்டிரையேட்டத்தைச் சார்ந்தது என்று காட்டினார்கள்.

பிசியோ தேவி
நான் எலிக்காரி இல்லை, பக்கவாத நோயாளிகளோடு வேலை. பழங்கூண்டு ஐயா சொன்ன ‘சமாளிப்பு’ எங்களுக்குத் தினசரி விஷயம். டம்ளரை எடுத்துவிட்டார் என்று வீட்டார் சந்தோஷப்படுவார்கள். நாங்கள் தோள் தூக்குவதையும் முதுகு சாய்வதையும் பார்த்துக்கொண்டிருப்போம்.

ஆனால் ராஜா பக்கத்துக்கும் ஒரு பலமான உதாரணம் இருக்கிறது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டாலஸ் வளாகத்தில் எலி ஒரு கைப்பிடியை இழுக்கும் பெட்டி செய்தார்கள். இழுவிசையைக் கருவியே அளக்கும், 120 கிராம் தாண்டினால் தீனி. நல்ல இழுப்போடு சேர்த்துக் கழுத்து வழியே ஓடும் வேகஸ் நரம்புக்குச் சின்ன மின்தூண்டல் கொடுத்தபோது, பக்கவாத எலிகள் நன்றாகத் தேறின. அந்த வழியில் வந்த சிகிச்சை 108 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு, 2021-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் அனுமதியும் பெற்றது.

அந்தச் சோதனையில் தூண்டல் யார் கொடுத்தார்கள் தெரியுமா? பக்கத்தில் நின்ற தெரப்பிஸ்ட், நோயாளியின் அசைவைப் பார்த்துப் பொத்தானை அழுத்தினார். கை அசைவின் முன்னேற்றத்தை அளந்த ஃபியூகிள்-மேயர் அளவுகோலும் 66 மதிப்பெண்ணுக்கு ஆள் பார்த்துப் போடுவதுதான். தூண்டல் பெற்றவர்களுக்குச் சராசரி 5 புள்ளி ஏறியது, மற்றவர்களுக்கு 2.4.

பழங்கூண்டு
தேவிம்மா, பிரமாதம். பெட்டியில் பிறந்த சிகிச்சை மனிதரிடம் வந்தபோது கண்ணைத்தான் நம்பினார்கள்.

லீவர்ராஜா
மனிதருக்கு அப்போது பெட்டி தயாராக இல்லை, அவ்வளவுதான். ஆள் போட்ட மதிப்பெண் என்பதால் அது உயர்ந்ததாகிவிடாது.

நடுராத்திரி
உங்கள் தத்துவம் நடக்கட்டும், அனிமல் ஹவுஸில் நிற்பவன் ஒன்று கேட்கிறேன். தண்ணீரைப் பரிசாக வைத்துப் பழக்கும் எலிக்கு அந்தக் குழாய்தான் தண்ணீர். ராத்திரி வால்வு அடைத்துக்கொண்டால்? மென்பொருள் ‘ஆர்வம் குறைவு’ என்று பதிவு செய்யும், எலி தாகத்தில் கிடக்கும். நான் தினம் காலையில் கையில் எடுத்து எடை பார்ப்பதால்தான் தெரியவருகிறது.

லீவர்ராஜா
நியாயம். எடைத் தட்டும் அலாரமும் இல்லாத பெட்டியை நானே வைக்க விடமாட்டேன். தினசரி எடை பார்ப்பதை விடச் சொல்லவும் இல்லை. பழங்கூண்டு ஐயா, ஒரு வேலைக் கேள்வி: பக்கவாட்டில் ஒரே கேமரா வைத்தால் அந்தப் பத்துக் கூறும் தெரியுமா?

பழங்கூண்டு
தெரியாது. முழங்கை ஒடுங்குவதும் விரல் நடுக்கோட்டுக்கு வருவதும் முன்னாலிருந்து பார்த்தால்தான் பிடிபடும். மணிக்கட்டுத் திருப்பத்துக்கு இரண்டு கோணமாவது வேண்டும். காசு குறைவென்றால் பிளவின் இரு பக்கமும் சாய்வாகக் கண்ணாடி வை, ஒரே கேமராவில் எல்லாம் விழும். கண்ணாடியில் சர்க்கரைத் தூள் அப்பிக்கொள்ளும், தினம் துடைக்க ஆள் வேண்டும்.

லீவர்ராஜா
வைப்பர் மோட்டார் ஒன்று சும்மா கிடக்கிறது.