முழுப்பெயர் நிரலில் இருந்து கடைசிப் பெயரைப் பிரிப்பது எப்படி? (மைஎஸ்கியூஎல்)

கேள்வி – களுவாஞ்சிகுடி, இலங்கை

வணக்கம். எங்கள் சங்கத்தின் அங்கத்தவர் பட்டியலை எக்செல்லில் இருந்து மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளுக்கு மாற்றியிருக்கிறோம். பெயரெல்லாம் ஒரே நிரலில் (மேலிருந்து கீழான பத்தியில்) இருக்கிறது. புதிய மென்பொருளோ ‘கடைசிப் பெயர்’ என்று தனி நிரல் கேட்கிறது. சப்ஸ்ட்ரிங்_இன்டெக்ஸ் என்ற கட்டளையில் இடைவெளியையும் -1ஐயும் கொடுத்து, கடைசி இடைவெளிக்குப் பின்னால் உள்ளதை எடுத்துப் பார்த்தேன். பெரும்பாலும் சரிதான். ஆனால் சில நிரைகள் (ஒவ்வொரு ஆளுக்கும் உள்ள வரிகள்) வெறுமையாக வருகின்றன, சிலவற்றில் முழுப்பெயரும் அப்படியே வருகிறது, சிலவற்றில் ‘எம்.’ மட்டும் வருகிறது. என்ன செய்யலாம்?

மறுமொழி – அக்கரைப்பற்று

தங்கச்சி, மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. வெறுமையாக வந்தால் பெயருக்குப் பின்னால் ஒரு இடைவெளி ஒட்டியிருக்கிறது. முன்னும் பின்னும் உள்ள இடைவெளியை நீக்கும் டிரிம் போட்டால் போதும். முழுப்பெயரும் வந்தால் ஒன்றில் ‘க.சிவகுமார்’ மாதிரி இடைவெளியே இல்லாமல் எழுதியிருப்பார்கள், அல்லது எக்செல்லில் ஒட்டும்போது நோ-பிரேக் ஸ்பேஸ் (வரி உடையாமல் இருக்கப் போடும் வேறு வகை இடைவெளி) புகுந்திருக்கும். அது கண்ணுக்குச் சாதாரண இடைவெளி போலவே தெரியும், டிரிம் அதைத் தொடாது. எழுத்துகளின் குறியெண்ணைக் காட்டும் ஹெக்ஸ் போட்டுப் பாருங்கள், எழுத்துகள் யூடிஎஃப்-8 என்ற குறியீட்டு முறையில் இருந்தால் அந்த இடத்தில் சி2ஏ0 என்று காட்டும். முதலில் அதை ரிப்ளேஸ் கட்டளையால் மாற்றிச் சாதாரண இடைவெளி ஆக்குங்கள். அப்புறம் ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னும் ஒரு இடைவெளி சேருங்கள். அதன் பிறகுதான் டிரிம், கடைசியாகப் பிரிப்பு. இந்த வரிசை முக்கியம்.

‘ரிஸ்வான் எம்.ஐ.எம்.’ என்று முதலெழுத்து பின்னால் வந்தவை புள்ளியில் முடியும். அவற்றைத் தனியே எடுத்துக் கையால் பாருங்கள்.

மறுமொழி – மட்டக்களப்பு நகரம்

அக்கரைப்பற்று நானா சொன்னது சரி. ஆனால் பிரித்து வருவது குடும்பப் பெயரா என்று யோசியுங்கள். நம்மட பக்கம் தகப்பன் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். ‘கந்தையா சிவகுமார்’ என்றால் உங்களுக்குக் கிடைப்பது ஆளின் சொந்தப் பெயர். கல்யாணமான பெண்கள் கணவன் பெயரைச் சிலர் முன்னால் போடுகிறார்கள், சிலர் பின்னால் போடுகிறார்கள். ‘ஆசியா உம்மா’ என்பதில் ‘உம்மா’ மட்டும் மிஞ்சும், ‘டி சில்வா’ பாதியாகும். இங்குள்ள பறங்கியர் (போர்த்துக்கேய, ஒல்லாந்த வழிவந்தோர்) பெயர்களில்தான் கடைசிச் சொல் பெரும்பாலும் உண்மையான குடும்பப் பெயர். அதனால் முழுப்பெயர் நிரலை எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள். கடிதத்திலும் ரசீதிலும் அதையே அச்சிடுங்கள். ஒருவருடைய பெயரை அவர் எழுதிய மாதிரியே எழுதுவதுதான் மரியாதை. புதிய நிரல் தேடவும் வரிசைப்படுத்தவும் மட்டும் இருக்கட்டும்.

கேட்டவர்

நன்றி அண்ணா, நன்றி நானா. வெறுமையான நிரைகள் எல்லாம் சரியாகிவிட்டன. இன்னொரு சந்தேகம்: சில இடங்களில் இரண்டு நிரைகளில் ஒரே பெயரும் ஒரே தகப்பன் பெயரும் வருகின்றன. ஒரே ஆள்தானா என்று எப்படிப் பார்ப்பது?

மறுமொழி – அக்கரைப்பற்று

தேசிய அடையாள அட்டை எண்ணை வைத்துப் பாருங்கள். அந்த நிரலை எண்ணாக வைக்காமல் எழுத்தாக வையுங்கள், பழைய அட்டையில் 9 இலக்கத்துக்குப் பின் வி அல்லது எக்ஸ் வரும். 2016இல் இருந்து வரும் அட்டைகளில் 12 இலக்கம். ஒரே ஆள் இரண்டு விதமாகவும் பதிவாகியிருக்கலாம். பழைய எண்ணின் முதல் ஐந்து இலக்கத்துக்குப் பின் ஒரு 0 நுழைத்து, முன்னால் 19 சேர்த்து, கடைசி எழுத்தை எடுத்துவிட்டால் 12 இலக்கமாகும். பழைய எண்களை மட்டும் அப்படி ஆக்கிவிட்டு, புதியவற்றோடு ஒப்பிடுங்கள்.