வார்டில் ஒட்டியதா, உடம்பிலேயே இருந்ததா?

காவிரிக்கரையான்: அக்கா மகனுக்கு ஆறு வயது. ரத்தப் புற்றுநோய்க்கு கீமோ நடக்கிறது. அட்மிட் ஆன நாலாம் நாள் நீர்க்கொப்புளம். வேரிசெல்லா சோஸ்டர், அதாவது சின்னம்மை வைரஸ், ஹெர்பிஸ் குடும்பம் என்கிறார்கள். வீட்டில் யாருக்கும் அம்மை இல்லை. வார்டில்தான் ஒட்டியிருக்கிறது. ஆஸ்பத்திரி பதில் சொல்ல வேண்டாமா?

நைட்டூட்டி சிஸ்டர்: கோபம் புரிகிறது தம்பி, ஆனால் கணக்கு இடிக்கிறது. சின்னம்மை ஒட்டினால் கொப்புளம் வர 10 முதல் 21 நாள் ஆகும். நாலு நாளில் வந்ததை இந்த அட்மிஷன் தலையில் கட்ட முடியாது.

காவிரிக்கரையான்: இரண்டு வாரம் முன்பும் ஊசிக்கு அங்கேதான் போனோம். ஓபி ஹாலில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அது கணக்கில் வராதா சிஸ்டர்?

நைட்டூட்டி சிஸ்டர்: வரும். அதை நான் யோசிக்கவில்லை. காற்றிலேயே பரவும், கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே.

லேப்காரன்: இருங்கள். கொப்புளம் உடம்பு முழுக்கவா, ஒரு பக்கமா? முன்பு அம்மை போட்டதா?

காவிரிக்கரையான்: இடது விலாவில் மட்டும், பட்டையாக. இரண்டு வயதில் அம்மை போட்டது. பாட்டி பார்த்துவிட்டு அக்கி, குயவரிடம் காவி எழுதலாம் என்றார்.

லேப்காரன்: பாட்டி சொன்ன பெயர் சரி. காவி மட்டும் வேண்டாம். தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் அம்மா இறங்கிவிட்டாள் என்போம். வைரஸ் இறங்காது. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சில் படுத்திருக்கும். கீமோவில் எதிர்ப்புச் சக்தி விழுந்ததும் அந்த ஒரு நரம்பு வழியே தோலுக்கு வருகிறது. பட்டை அதனால்தான். வைரஸுக்கான மருந்து அசைக்ளோவிர் போட்டார்களா?

காவிரிக்கரையான்: அன்றைக்கே, ஐவி-யில்.

தென்றல்76: எல்லாமே உள்ளே இருந்தது என்றால் ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டாட்டம்தான். என் மகள் 28 வாரத்தில் பிறந்தவள். முதல் வாரச் சோதனையில் சிஎம்வி (சைட்டோமெகலோ வைரஸ்) இல்லை, ஆறாவது வாரம் இருந்தது. அதுவும் இதே குடும்பம்தானே?

லேப்காரன்: அதே குடும்பம்தான், அது வெளியிலிருந்து வந்ததும் உண்மைதான். பெரும்பாலும் தாய்ப்பால் வழியாக வரும். அம்மாவிடம் தூங்கும் பழைய வைரஸ் பால் சுரக்கும்போது விழிக்கும்.

தென்றல்76: ஆக, பழி என் மேல்!

நைட்டூட்டி சிஸ்டர்: ஐயோ, இல்லைம்மா. நிறைமாதக் குழந்தை அதே பாலைக் குடித்தால் பொதுவாக ஒன்றும் ஆகாது. அம்மாவின் எதிர்ப்பொருள் கடைசி மூன்று மாதத்தில்தான் நிறைய இறங்கும், உங்கள் மகளுக்கு அந்த மாதங்கள் கிடைக்கவில்லை. ரத்தம் ஏற்றினார்களா? ரத்தத்தின் வெள்ளணு வழியாகவும் இந்த வைரஸ் வரலாம். வெள்ளணு வடிகட்டிய ரத்தமா?

தென்றல்76: இரண்டு முறை ஏற்றினார்கள். வடிகட்டியதா என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரி இல்லை.

லேப்காரன்: அதை எழுத்தில் கேளுங்கள். அது நியாயமான சண்டை.

நைட்டூட்டி சிஸ்டர்: காவிரி தம்பி, பையன் தனி அறையில்தானே?

காவிரிக்கரையான்: ஆறு கட்டில் வார்டு. பக்கத்திலும் கீமோ குழந்தைதான்.

நைட்டூட்டி சிஸ்டர்: அக்கிக் கொப்புளத்திலிருந்து அந்தக் குழந்தைக்குச் சின்னம்மை வரும். இப்போதே எழுந்து போய்த் தனி அறை கேளுங்கள். பக்கத்துக் குழந்தைக்கு முன்பு அம்மை போடவில்லை, தடுப்பூசியும் இல்லை என்றால் இம்யூனோகுளோபுலின், அதாவது தயார் எதிர்ப்பொருள் ஊசி பற்றி டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். 10 நாளுக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

காவிரிக்கரையான்: டூட்டி டாக்டர் ரூமுக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறேன்.