பாரிஸிலிருந்து ரோம் வரை ரயிலா, வாடகைக் காரா? திட்டத்தில் உதவி தேவை

சக்கரக்காலி:
எல்லோருக்கும் வணக்கம். வரும் செப்டம்பரில் நான், கணவர், ஒன்பது வயது மகன், மாமியார் நால்வரும் ஐரோப்பா போகிறோம். பாரிஸில் இறங்கி ரோமிலிருந்து திரும்புகிறோம். விமான டிக்கெட் எடுத்தாயிற்று, இனி மாற்ற முடியாது. இடையில் வருவதுதான் குழப்பமாக இருக்கிறது.

இப்போதைக்கு பாரிஸ் 3 இரவு, கோல்மார் 2, சுவிஸில் இன்டர்லாக்கன் பக்கம் 3, புளோரன்ஸ் 2, டஸ்கனி கிராமப்புறம் 3, கடைசியில் ரோம் 3 என்று போட்டிருக்கிறோம்.

கணவருக்கு முழுவதும் காரிலேயே போக ஆசை. ஆனால் பாரிஸில் எடுத்து ரோமில் விடுவதாகப் போட்டால், கார் வாடகையைவிட "ஒருவழிக் கட்டணம்" என்று தனியாகக் கேட்பது அதிகமாக வருகிறது. தேதியை மாற்றிப் பார்த்தோம், சின்ன வண்டியாகப் பார்த்தோம், ஒன்றும் குறையவில்லை. சில நிறுவனங்கள் அந்தப் பாதைக்கு வண்டியே காட்டுவதில்லை. ரயிலில் போகலாம் என்றால் மாமியாருக்கு முழங்கால் வலி. பெட்டிகளோடு ஏறி இறங்குவதை நினைத்தால் பயமாக இருக்கிறது.

அந்தக் கட்டணத்தைத் தவிர்க்க வழி உண்டா? பல நாட்டு ரயில்களுக்கும் சேர்த்து எடுக்கும் யூரெயில் பாஸ் எடுத்தால் லாபமா? இந்திய ஓட்டுநர் உரிமம் போதுமா? முதலில் இறங்குவது பாரிஸ் என்பதால் விசாவுக்கு பிரான்ஸிடம்தானே விண்ணப்பிக்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கடைசிப்பெட்டி:
சகோதரி, விசாவை முதலில் சரிசெய்துகொள்ளுங்கள். ஷெங்கன் விசாவுக்கு எங்கே இறங்குகிறோம் என்பது கணக்கில்லை. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால்தான் முதலில் நுழையும் நாடு என்ற விதி வரும். உங்கள் கணக்கில் இத்தாலி 8 இரவு, பிரான்ஸ் 5, சுவிஸ் 3. ஆகவே இத்தாலி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, பையனுக்கு 45.

அடுத்து கார். பிரான்ஸ் நம்பர் பிளேட் உள்ள வண்டியை ரோமில் விட்டால், நிறுவனம் அதை மறுபடி பிரான்ஸுக்குக் கொண்டுபோயாக வேண்டும். அந்தச் செலவை உங்கள் தலையில் வைக்கிறார்கள். தேதியை மாற்றினால் இது குறையாது. ஒரே நாட்டுக்குள் எடுத்து அதே நாட்டுக்குள் விட்டால் மட்டுமே அடங்கும்.

உங்கள் பாதையில் கார் உண்மையாகத் தேவைப்படும் இடம் ஒன்றே ஒன்று, டஸ்கனி கிராமப்புறம். மற்றதெல்லாம் ரயில் நன்றாக ஓடும் ஊர்கள். பாரிஸின் "கார் த லெஸ்ட்" (Gare de l'Est) ரயில் நிலையத்திலிருந்து கோல்மாருக்கு டிஜிவி அதிவேக ரயிலில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். நேர் வண்டி கிடைக்காவிட்டால் ஸ்ட்ராஸ்பூரில் ஒரு மாற்றம். கோல்மாரிலிருந்து சுவிஸ் எல்லை நகரமான பாசலுக்கு முக்கால் மணி நேரம், அங்கிருந்து இன்டர்லாக்கனுக்கு இரண்டு மணி நேரம். இன்டர்லாக்கனிலிருந்து ஷ்பீட்ஸில் மாறி மிலான், மிலானிலிருந்து புளோரன்ஸ் இரண்டு மணி நேரத்துக்குள். புளோரன்ஸில் கார் எடுங்கள், இத்தாலிக்குள்ளேயே விடுங்கள்.

பனிமலை:
வணக்கம் அக்கா. நான் பெர்னில் இருக்கிறேன். சுவிஸுக்குக் கார் வேண்டாம் என்றுதான் நானும் சொல்லுவன். நீங்கள் படங்களில் பார்த்து ஆசைப்படுகிற வெங்கன், மூரன் இரண்டு ஊருக்கும் கார் போகாது. காரைக் கீழே லவுட்டர்புருன்னனில் விட்டிட்டு ரெயினிலோ கேபிள் காரிலோதான் ஏற வேண்டும். பிறகேன் கார்? நெடுஞ்சாலையில் ஓட்டுவதற்கான வில்லைக்கும் (விக்னெட்) 40 பிராங் கட்ட வேண்டும். அது வருடத்துக்கானது, மூன்று நாளுக்கென்று தனியாக விற்பதில்லை.

அம்மாவின் முழங்காலுக்காக ஒரு விசயம் கவனியுங்கள். இன்டர்லாக்கனில் வெஸ்ட், ஒஸ்ட் என்று இரண்டு ஸ்டேசன். மலைக்குப் போகும் ரெயின் எல்லாம் ஒஸ்ட்டிலிருந்துதான் வெளிக்கிடும். பாசல் ரெயினும் ஒஸ்ட் வரை வரும். ஹோட்டலை ஒஸ்ட் ஸ்டேசனுக்குக் கிட்ட எடுத்தால் பெட்டியோடு நடக்கிற வேலை பாதியாகக் குறையும்.

ரெயினில் போகக்கூடிய மலையுச்சி இடமான யுங்ஃப்ராயொக் 3,454 மீட்டர் உயரம். ரத்த அழுத்தமோ மூச்சுத் திணறலோ இருந்தால் டொக்டரைக் கேட்காமல் அம்மாவை அங்கே கூட்டிப் போகாதீர்கள். வெங்கனில் ஒரு வாங்கில் இருந்தாலே யுங்ஃப்ராவ் மலை முழுக்கத் தெரியும், அம்மாவுக்கு அது காணும். நீங்கள் மூவரும் கிரின்டல்வால்டிலிருந்து அய்கர் எக்ஸ்பிரஸ் கேபிளில் ஏறினால் கால் மணித்தியாலத்தில் அய்கர்கிளெட்ஷர் ஸ்டேசன், அங்கிருந்து ரெயினில் மேலே போகலாம்.

மலை ரெயின் ரிக்கற்றுகள் விலை கூட. ரிக்கற்றைப் பாதி விலைக்குத் தரும் சுவிஸ் "பாதி விலை அட்டை" எடுத்தால் மேலே போகிற ஒரு நாளிலேயே அதன் காசில் பெரும்பகுதி திரும்பிவிடும். அந்த அட்டை உள்ள தாயோ தகப்பனோ கூட வந்தால் 6 முதல் 15 வயதுப் பிள்ளைக்குக் குடும்ப அட்டை இலவசம். கேட்டால்தான் தருவார்கள், மறக்காமல் கேளுங்கள்.

பாசலில் இன்னொன்று. கோல்மார் ரெயின் வந்து நிற்பது அதே ஸ்டேசனின் பிரெஞ்சுப் பகுதியில், 30க்கு மேல் எண் போட்ட மேடைகளில். சுங்கப் பகுதியைக் கடந்து சுவிஸ் மேடைக்கு நடக்க வேண்டும். ஐந்து நிமிட இடைவெளியை நம்பாமல் அடுத்த ரெயினை எடுங்கள்.

தூரதேசம்:
யூரெயில் பாஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே. 12 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் பெரியவர் பாஸோடு இலவசம், 60 கடந்தவருக்கு 10 சதவீதம் தள்ளுபடி. நால்வரில் இருவருக்குச் சலுகை கிடைக்கிறது. நான் பாஸ்தான் எடுப்பேன். திட்டம் மாறினாலும் கவலை இல்லை.

கடைசிப்பெட்டி:
சலுகை உண்மைதான், ஆனால் இவர்கள் பாதைக்கு வேண்டாம் என்பேன். டிஜிவிக்கும் இத்தாலியின் அதிவேக ரயிலான பிரெச்சாரோஸாவுக்கும் பாஸ் இருந்தாலும் இருக்கை முன்பதிவுக்குத் தனியாகக் கட்ட வேண்டும். இத்தாலோ என்ற தனியார் ரயில்களில் பாஸ் செல்லவே செல்லாது. யுங்ஃப்ராயொக்குக்குத் தள்ளுபடி மட்டும்தான். இவர்களுக்கு ரயில் நாட்கள் நான்கைந்துதான், அதில் கோல்மார்–பாசல் சின்னத் தொகை. தேதி உறுதியாக இருப்பவர்கள் மூன்று நான்கு மாதம் முன்னதாக எஸ்என்சிஎஃப் (பிரெஞ்சு ரயில்வே), டிரெனிதாலியா (இத்தாலிய ரயில்வே) தளங்களில் நேரடியாக எடுத்தால் பாஸைவிடக் குறைவாகவே முடியும். நாளுக்கு நாள் ஊர் மாற்றி இரண்டு மாதம் சுற்றுபவர்களுக்கு பாஸ் நல்லது.

முன்பதிவுக்கு முன் ஷ்பீட்ஸ்–மிலான் பாதையை மட்டும் சுவிஸ் ரயில்வேயின் எஸ்பிபி செயலியில் உங்கள் தேதிக்குப் பாருங்கள். கோடையில் அந்தத் தடத்தில் பராமரிப்பு வேலை நடந்தால் பேருந்து மாற்றம் வரும். மாமியாரை வைத்துக்கொண்டு அது வேண்டாம். அப்படி இருந்தால் லூசர்ன் வழியாக, 57 கிலோமீட்டர் கொத்தார்ட் சுரங்கப் பாதையில் மிலான் போய்விடலாம். கொஞ்சம் சுற்று, ஆனால் முழுவதும் ரயிலிலேயே போகலாம்.

வளைவுப்பாதை:
கார் பற்றி நான் சொல்கிறேன். டஸ்கனியில் ஓட்டுவது சுகமான அனுபவம், உங்கள் கணவர் ஆசைப்படுவது நியாயம். ஆனால் கிளம்பும் முன்பே சில விஷயங்களை முடித்துவிட வேண்டும்.

இத்தாலியில் இந்திய உரிமம் மட்டும் போதாது, சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். அரசின் பரிவாகன் இணையதளத்தில் விண்ணப்பித்து உங்கள் ஆர்டிஓவில் வாங்கலாம், ஓர் ஆண்டு செல்லும். பல இடங்களில் விசா நகல் கேட்பார்கள். அதனால் விசா கைக்கு வந்த மறுநாளே போய்விடுங்கள். ஓட்டும்போது இரண்டும் கையில் இருக்க வேண்டும்.

அதைவிடப் பலர் மாட்டுவது கார்டில். வண்டி கொடுக்கும்போது வைப்புத் தொகையை கிரெடிட் கார்டில் பிடித்து வைப்பார்கள். அந்தக் கார்டு ஓட்டுபவர் பெயரில் இருக்க வேண்டும். மனைவி பெயரில் கார்டு, கணவர் பெயரில் முன்பதிவு என்றால் வண்டி தர மாட்டார்கள். ஃபாரெக்ஸ் கார்டு ப்ரீபெய்டு என்பதால் இதற்கு உதவாது, டெபிட் கார்டையும் பல கவுண்டர்களில் ஏற்பதில்லை. என் நண்பர் குடும்பம் பணம் முழுவதும் கட்டியிருந்தும், டெபிட் கார்டு மட்டும் இருந்ததால் கவுண்டரிலிருந்து வெறுங்கையோடு திரும்பியது. வெளிநாட்டுப் பரிவர்த்தனையை இயக்கி, வரம்பை உயர்த்தி, பின் எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு போகச் சொல்லுங்கள்.

ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்பதிவிலேயே தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லையென்றால் கியர் வண்டிதான் வரும். வலது பக்கம் ஓட்டும் பழக்கம் இல்லாதவர் இடது கை ஸ்டியரிங்கோடு வலது கையால் கியரும் மாற்றுவது முதல் நாளில் சிரமம். ஆட்டோமேட்டிக்குக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு வீண் இல்லை. நான்கு பேர், நான்கு பெட்டி என்றால் காம்பாக்ட் வகையில் பின்பெட்டி போதாது, ஸ்டேஷன் வேகன் பாருங்கள். பையன் 150 செ.மீ. உயரத்துக்குக் கீழே இருந்தால் பூஸ்டர் இருக்கை சட்டப்படி கட்டாயம்.

இத்தாலியில் எனக்கு எப்போதும் கவலை தருவது, ஓர் இடத்தில் ZTL இருப்பது தெரியாமல் உள்ளே ஓட்டுபவர்கள்தான். தமிழில் எழுதினால் ஸெட்-டி-எல், அதாவது போக்குவரத்து கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. புளோரன்ஸ், சியனா, பீசா, லூக்கா எல்லா ஊரின் பழைய மையத்திலும் உண்டு. சிவப்பு வட்டத்துக்குள் வெள்ளையாக ஒரு பலகை, மேலே கேமரா. தடுப்புக் கட்டை இருக்காது, போலீஸ் நிறுத்த மாட்டார். மாதங்கள் கழித்து வீட்டுக்கு அபராதக் கடிதம் வரும். ஒவ்வொரு நுழைவுக்கும் தனி அபராதம். உங்கள் முகவரியை நகராட்சிக்குக் கொடுத்ததற்கு வாடகை நிறுவனமும் ஒரு கட்டணம் எடுக்கும். மின்பலகையில் "வார்கோ அத்திவோ" என்று எரிந்தால் அந்த நுழைவு கண்காணிப்பில் இருக்கிறது என்று அர்த்தம், திரும்பிவிடுங்கள். கூகுள் வரைபடம் சொன்னது என்பது சாக்காகாது. தங்கும் இடம் உள்ளே இருந்தால், வண்டி எண்ணைப் பதிவுசெய்து தருவார்களா என்று முன்பே எழுதிக் கேளுங்கள்.

இதனால்தான் புளோரன்ஸ் நகருக்குள் கார் எடுக்காதீர்கள் என்கிறேன். சாந்தா மரியா நொவெல்லா நிலையம் அருகிலிருந்து டி2 டிராம் நேராக விமான நிலையம் போகும். அந்தப் பக்கம் வண்டி எடுத்தால் நகர மையத்துக்குள் நுழையாமலே சியனா சாலைக்குப் போய்விடலாம். அந்தச் சாலைக்குச் சுங்கமும் கிடையாது. சியனாவில் சாந்தா கதரீனா நிறுத்தத்தில் விடுங்கள். அங்கிருந்து எஸ்கலேட்டரிலேயே மேலே ஏறலாம், உங்கள் மாமியாருக்கு அது பெரிய உதவி. நிறுத்தக் கோடு வெள்ளை என்றால் இலவசம், நீலம் என்றால் காசு, மஞ்சள் உள்ளூர்க்காரருக்கு.

சக்கரக்காலி:
எல்லோருக்கும் மிக்க நன்றி. கணவரிடம் படித்துக் காட்டினேன், டஸ்கனியில் மட்டும் கார் என்று ஒப்புக்கொண்டார். கோல்மார் பக்கத்து ஊர்களுக்குப் பேருந்தில் போய்க்கொள்கிறோம். டஸ்கனியில் பியன்சா அருகே ஒரு பண்ணை வீடு பார்த்திருக்கிறோம். இப்போது ஒரே கேள்வி, அங்கிருந்து ரோமுக்குப் போகும்போது காரை எங்கே விடுவது? ரோமின் மைய ரயில் நிலையமான டெர்மினியில் விட்டால் ஹோட்டலுக்கு நடந்தே போய்விடலாம் என்கிறார் கணவர். பியன்சாவிலிருந்து நாங்கள் கிளம்பும் நாள் ஞாயிற்றுக்கிழமை.

வளைவுப்பாதை:
டெர்மினி வேண்டாம். ரோம் நெரிசலில் அந்த அலுவலகத்தைத் தேடி, பெட்ரோலும் நிரப்பிக் கொடுப்பது, முதல் முறை வலது பக்கம் ஓட்டுபவருக்குத் தேவையில்லாத பதற்றம். ரோமின் ஃபியுமிசீனோ விமான நிலையத்தில் விடுங்கள். பியன்சாவிலிருந்து ஏ1 நெடுஞ்சாலை வழியாக இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நகருக்குள் நுழையாமல் வெளிவட்டச் சாலையிலேயே போய்விடலாம். அங்கிருந்து லியோனார்தோ எக்ஸ்பிரஸ் ரயில் அரை மணி நேரத்தில் டெர்மினியில் விடும், பெரியவர்களுக்கு ஆளுக்கு 14 யூரோ. நால்வர் என்பதால் டாக்சியையும் விசாரித்துப் பாருங்கள்.

கடைசிப்பெட்டி:
ஞாயிறு என்பதால் இன்னும் உறுதியாகச் சொல்கிறேன், விமான நிலையம்தான். வழியில் உள்ள ஓர்வியேதோ என்ற ஊரில் விட்டு ரயிலில் ரோம் போகலாம் என்று சிலர் சொல்வார்கள், வார நாளில் அது நல்ல யோசனை. ஆனால் சிறு ஊர் அலுவலகங்கள் மதிய உணவுக்கு மூடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் திறக்க மாட்டார்கள்.

வளைவுப்பாதை:
ஆமாம். ஏ1-இல் நுழையும்போது சீட்டு எடுத்து, வெளியேறும்போது காசு கட்ட வேண்டும். டெலிபாஸ் (மின்னணுச் சுங்கக் கருவி) என்று மட்டும் எழுதிய மஞ்சள் தடத்தில் நுழையாமல், ரொக்கமோ கார்டோ காட்டும் தடத்துக்குப் போங்கள். பெட்ரோல் பங்க்கில் பென்ஸினா என்றால் பெட்ரோல், கசோலியோ என்றால் டீசல். சாவி வாங்கும்போதே எது என்று கேட்டு, எரிபொருள் மூடியில் எழுதியிருப்பதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வண்டியைச் சுற்றியும், டயர் விளிம்புகளையும், விடும்போது எரிபொருள் முள்ளையும் வீடியோ எடுங்கள். வைப்புத் தொகை கார்டுக்குத் திரும்பும் வரை அந்த வீடியோவை அழிக்க வேண்டாம்.