சொந்தப் பெயரில் சாரன் விற்பதா, கொழும்பு வியாபாரிக்கே நெய்து கொடுப்பதா?

மருதமுனைத் தறிக்காரன்:
அஸ்ஸலாமு அலைக்கும், எல்லோருக்கும் வணக்கம். வாப்பா காலத்துத் தறி எங்களுடையது. 1977க்குப் பிறகு வெளிநாட்டுத் துணி வந்து குவிந்தபோது ஊரில் பலர் தறியைக் கழற்றினார்கள், வாப்பா விடவில்லை. 2004 சுனாமியில் இரண்டு தறி போனது. இப்போது நாலு இருக்கின்றன.

கொழும்பு வியாபாரி ஒருவர் நூல் தந்து, சாரனை எடுத்து, தன் லேபலைத் தைத்து விற்கிறார். ஒரு சாரனுக்கு 650 ரூபா தருகிறார், அதில் 450 நெய்தவருக்குப் போகும். போன மாதம் அவர் கடையில் எங்கள் சாரனைப் பார்த்தேன். விலை 3,200. அந்தக் கரை வாப்பா யோசித்துப் போட்ட கரை. அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

இன்னும் ஆறு தறி போட்டு, தனக்கு மட்டுமே நெய்யச் சொல்கிறார். வீட்டு உறுதிப் பத்திரத்தை வங்கியில் அடகு வைத்து, சொந்தப் பெயரில் இறங்கலாமா என்று பார்க்கிறேன். பயம் நூலில்தான். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியபோது, சொந்தமாக நூல் வாங்கியவர்கள் பட்ட பாட்டைக் கண்ணால் கண்டவன் நான்.

கல்முனை ஓய்வூதியர்:
தம்பி, வங்கியில் கடன் பிரிவில்தான் என் காலம் போனது. உறுதியை வைக்க வேண்டாம். தவணை மாதா மாதம் வரும். சாரன் ஓடுவது பெருநாளுக்கும் சித்திரைக்கும்தானே? இடையில் உள்ள மாதங்களில் எதைக் கட்டுவீர்கள்? முதலில் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதியுங்கள். அந்தப் பெயரில் நடைமுறைக் கணக்கு திறந்து, விற்கிற காசு முழுவதையும் அதிலே போடுங்கள். பிறகு நூலுக்கு மட்டும் மேலதிகப் பற்று, அதாவது கணக்கில் இருப்பதை விடக் கூடுதலாக எடுக்கும் வசதி, கேட்கலாம்.

களுவாஞ்சிகுடி தையல்காரி:
தம்பி, வியாபாரியோடு கோபித்துக்கொண்டு வராதீர்கள். பங்களாதேஷில் தேஷ் என்ற உள்ளூர் ஆடைக் கம்பனி 1979இல் சுமார் 130 பேரைத் தென்கொரியாவின் டேவூவிடம் பயிற்சிக்கு அனுப்பியது. திரும்பி வந்தவர்களில் பெரும்பாலானோர் பிறகு விலகிப் போனார்கள், பலர் சொந்தமாகத் தொழிற்சாலை போட்டார்கள். அந்த நாட்டு ஆடைத்தொழில் அப்படித்தான் பெருகியது. தைக்க மட்டுமா படித்தார்கள்? வாங்குபவரோடு பேசவும், சரக்கு அனுப்பிக் காசு எடுக்கவும் படித்தார்கள். நானும் ஒன்பது வருடம் ஆடைத் தொழிற்சாலையில் தைத்துவிட்டுத்தான் மூன்று மெஷின் போட்டேன். உங்கள் வியாபாரியிடம் எந்தக் கரை எங்கே போகிறது என்று கேட்டுப் பழகுங்கள். மூன்று தறி அவருக்கு ஓடட்டும், ஒன்று உங்களுக்கு.

மருதமுனைத் தறிக்காரன்:
அக்கா, ஐயா, இருவருக்கும் நன்றி. "தனக்கு மட்டும்" என்ற பேச்சுக்கு முடியாது என்று சொல்லிவிட்டேன். முகம் சுளித்தார், ஆனால் நூல் அனுப்புவதை நிறுத்தவில்லை. பெயர் பதியத் திங்கட்கிழமை போகிறேன். வாப்பாவின் கரையை இனி என் தறியில் மட்டும்தான் நெய்வேன். சாயம் போட்ட நூலைப் பத்து கிலோ அளவில் தருகிறவர்கள் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள், நோன்புக்கு முன் தறியில் பாவு பூட்ட வேண்டும்.