குளோனா, டெம்ப்ளேட்டா? கடைசியில் இரண்டுமே நகல்தானே!

புதுசர்வர்:
ப்ராக்ஸ்மாக்ஸில் (ஒரே இயந்திரத்தில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள்) ஒரு உபுண்டு லினக்ஸ் விஎம்மை, அதாவது மெய்நிகர் கணினியை, இரண்டு நாள் உட்கார்ந்து தயார் செய்திருக்கிறேன். இதே மாதிரி இன்னும் எட்டு வேண்டும். அப்படியே குளோன் (நகல்) போடலாமா, டெம்ப்ளேட் (நகலெடுக்க மட்டுமே பயன்படும் அச்சு) ஆக்கிவிட்டுத்தான் எடுக்க வேண்டுமா?

கறுப்புத்திரை:
எட்டு விஎம்முக்கு டெம்ப்ளேட்டா? மலையைக் கெல்லி எலி பிடிக்கிற கதை. விஎம்மை நிறுத்துங்கள், ஃபுல் குளோன் (வட்டு முழுவதற்கும் தனி நகல்) போடுங்கள், முடிந்தது. ப்ராக்ஸ்மாக்ஸில் டெம்ப்ளேட்டைத் திரும்ப விஎம் ஆக்க மெனுவில் வழியே கிடையாது. ஒரு சின்ன அப்டேட்டுக்குக்கூட அதிலிருந்து ஒரு குளோன் எடுத்து, சரிசெய்து, அதைப் புது டெம்ப்ளேட் ஆக்க வேண்டும். மாதாமாதம் யார் செய்வது?

நிதானம்:
தலைவா, அந்தத் தொல்லைதான் அதன் பலமே. டெம்ப்ளேட்டை யாரும் ஆன் செய்ய முடியாது. எங்கள் இடத்தில் "மாஸ்டர்-தொடாதே" என்று பெயர் வைத்து ஒரு விஎம்மை நிறுத்தி வைத்திருந்தோம். யாரோ ஆன் செய்து, எதையோ சோதிக்க ஒரு லைப்ரரியைப் புதுப்பித்துவிட்டு, சத்தமில்லாமல் அணைத்துவிட்டார். அதன் பிறகு எடுத்த மூன்று குளோன்களில் மட்டும் நிரல் விழுந்துகொண்டே இருந்தது. காரணம் பிடிபட ஒரு வாரம் ஆனது.

கறுப்புத்திரை:
அது பர்மிஷன் கொடுத்த லட்சணம், குளோன் என்ன செய்யும்? விஎம்வேரில் (இதே வேலைக்கான இன்னொரு மென்பொருள்) டெம்ப்ளேட்டையே இரண்டு கிளிக்கில் விஎம் ஆக்கலாம். அங்கே உங்கள் பூட்டு எங்கே போனது?

நிதானம்:
விஎம்வேரில் அப்படித்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இவர் கேட்டது ப்ராக்ஸ்மாக்ஸ். அங்கே லிங்க்டு குளோன் (டெம்ப்ளேட்டின் வட்டையே சார்ந்திருக்கும் நகல்) வேண்டுமென்றால் டெம்ப்ளேட்டிலிருந்துதான் எடுக்க முடியும். அதில் மாறிய பகுதிக்கு மட்டும்தான் புதிதாக இடம் போகும்.

கறுப்புத்திரை:
தாய் வட்டு கெட்டால் எட்டும் சேர்ந்து போகும். அதையும் சொல்லுங்கள்.

மூன்றாம்_கண்:
இரண்டு பேரும் அடையாளத்தை மறந்துவிட்டீர்கள். குளோன் போட்டால் மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) புதிதாக வந்துவிடும், சரி. உள்ளே இருக்கும் மெஷின்-ஐடியும் (லினக்ஸ் நிறுவலின் அடையாளம்) எஸ்எஸ்எச் ஹோஸ்ட் கீயும் (தொலைவிலிருந்து நுழையும்போது சர்வர் தன்னை நிரூபிக்கும் சாவி) அப்படியே நகலாகும். உபுண்டு சர்வர் வழக்கமாக டிஎச்சிபியிடம் (ஐபி முகவரி வழங்கும் சேவை) காட்டுவது மேக் முகவரியை அல்ல, மெஷின்-ஐடியிலிருந்து உண்டாக்கிய அடையாளத்தை. இரண்டு விஎம் ஒரே ஐபிக்கு அடித்துக்கொள்ளும். டெம்ப்ளேட் ஆக்கினாலும் இது தானாகத் தீராது.

விண்டோஸில் சிஸ்பிரெப் (நகலெடுக்கும் முன் பழைய அடையாளங்களை நீக்கும் கருவி) போடாமல் நகலெடுப்பவர்களும் கவனிக்கவும். ஒரே எஸ்ஐடி (விண்டோஸ் இயந்திரத்தின் பாதுகாப்பு அடையாள எண்) இருந்தால் பெரிய பாதிப்பில்லை என்று மைக்ரோசாஃப்ட்டின் மார்க் ருசினோவிச் 2009-இல் எழுதியதைப் பல வருடம் காட்டிக்கொண்டிருந்தோம். 2025 ஆகஸ்ட் கடைசியில் வந்த அப்டேட்டுகளுக்குப் பிறகு விண்டோஸ் 11 24எச்2, சர்வர் 2025 இரண்டும் எஸ்ஐடியைச் சரிபார்க்கின்றன. ஒரே எஸ்ஐடி உள்ள இரண்டு இயந்திரங்களுக்கு இடையே லாகின் தோற்கிறது.

புதுசர்வர்:
ஐயோ. பொறுக்காமல் நேற்றே இரண்டு குளோன் போட்டுவிட்டேன். இப்போது மெஷின்-ஐடி கோப்பைத் திறந்து பார்த்தால் 32 எழுத்தும் ஒன்றுதான். ஒன்றை ஆன் செய்தால் இன்னொன்றின் இணைப்பு அறுந்தது இதனால்தானா! கோப்பை அழித்துவிடவா?

மூன்றாம்_கண்:
அழிக்க வேண்டாம், காலிக் கோப்பாக இருக்கட்டும். அடுத்த பூட்டில் புதிய ஐடி தானே வரும். ஹோஸ்ட் கீகளை நீக்கிவிட்டு, புதிதாக உருவாக்கும் வேலையைக் கிளவுட்-இனிட்டிடம் (புது விஎம்மின் முதல் பூட்டில் அமைப்புகளைச் செய்யும் கருவி) விடுங்கள்.

கறுப்புத்திரை:
இதை மூல விஎம்மிலேயே செய்யுங்கள். காலி செய்த கையோடு நிறுத்திவிட வேண்டும். மறுபடி ஆன் செய்தால் ஐடி நிரம்பிவிடும், அப்புறம் எடுக்கிற எல்லாக் குளோனிலும் அதேதான்.

நிதானம்:
ஆன் செய்யவே முடியாதபடி ஒன்று இருந்தால் நன்றாக இருக்கும், இல்லையா?

கறுப்புத்திரை:
சரி சரி. அந்த ஒன்றை மட்டும் டெம்ப்ளேட் ஆக்கிக்கொள்ளுங்கள். ஆனால் எடுப்பது ஃபுல் குளோன், அதில் மாற்றமில்லை.