240டி டேப்பட்: புத்தகக் கணக்கா, மலைக் கணக்கா?

மலையேறி
வண்டி மெர்சிடஸ் டபிள்யூ 123, 240டி, 1982 மாடல், நாலு கியர். ஏற்காட்டில் நிற்கிறது. காலையில் இரண்டு மூன்று தடவை செல்ஃப் அடித்தால்தான் எடுக்கிறது. எடுத்ததும் அரை நிமிஷம் உதறல், வெள்ளைப் புகை. அடிவாரத்திலிருந்து ஏறும்போது பாதி ஹேர்பின் தாண்டியதும் கரும்புகை. சர்வீஸ் புத்தகத்தில் டேப்பட் (வால்வை இயக்கும் பாகங்களுக்கு நடுவே விடும் கேப்), காற்று உள்ளே வரும் இன்டேக் வால்வுக்கு 0.10, புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வுக்கு 0.30 மி.மீ. என்றிருக்கிறது. சேலத்து மிஸ்திரி ஒருவர், மலை வண்டிக்கு 0.15, 0.35 வைத்தால்தான் வால்வு கருகாது என்கிறார். எதைக் கேட்பது?

அஸ்தம்பட்டி ஸ்பேனர்
மிஸ்திரி பேச்சைக் கேளுங்க. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை, அது உட்கார்ற வளையமான சீட்டு வழியாத்தான் என்ஜின் ஹெட்டுக்குக் கொடுக்கும். டேப்பட் டைட்டா இருந்தா முழுசா உட்காராது, ஓரம் கருகும். அதுவும் இந்த என்ஜின்ல சீட்டு தேயத் தேய வால்வு மேல ஏறி கேப் தானாவே குறையும். டிக் டிக்னு சத்தம் வந்தா ஒண்ணும் போயிடாது, சத்தமே இல்லாத டீசலைப் பார்த்துத்தான் பயப்படணும். 20 ஹேர்பின் ரெண்டாவது கியர்ல இழுக்கிற வண்டிக்கு 0.05 கூட இருக்கட்டும்.

பக்கம்புரட்டி
கருகும் காரணம் நீங்க சொன்னதுதான், மறுக்கவில்லை. ஆனால் 0.15, 0.35 மிஸ்திரி கண்டுபிடித்த மலைக் கணக்கு இல்லை அண்ணா. அதுவும் அதே புத்தகத்தில் இருப்பதுதான். 0.10, 0.30 என்பது ஆறிய என்ஜினுக்கு, 20 டிகிரி வாக்கில். 0.15, 0.35 என்பது சுமார் 60 டிகிரி சூட்டில் அளந்தால் வர வேண்டிய கேப். யாரோ ஒருவர் இரண்டாவது வரியை மட்டும் மனப்பாடம் பண்ணியிருக்கிறார், அது கைமாறிக் கைமாறி 'மலை செட்டிங்' ஆகிவிட்டது. ஆறிய என்ஜினில் 0.05 கூட வைக்கவும் புத்தகம் ஓரிடத்தில் சொல்கிறது: மைனஸ் 20 டிகிரிக்குக் கீழே குளிர் தொடர்ந்து நீடிக்கும் ஊருக்கு. ஏற்காட்டில் அப்படி ஒரு மார்கழி வந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

அஸ்தம்பட்டி ஸ்பேனர்
சரி, ஆனா பட்டறைக்கு வண்டி ஓடித்தானே வருது? ராத்திரி பூரா நிறுத்தி வெச்சு காலைல டேப்பட் பார்க்க எந்த மிஸ்திரிக்கு நேரம்? சூடா இருக்கும்போது 0.15 வெச்சா அது புத்தகப்படியே சரிதானே.

பக்கம்புரட்டி
60 டிகிரியில் வைத்தால் சரி. 80, 85 காட்டிக்கொண்டு வரும் வண்டியை நிறுத்திக் கவரைத் திறந்ததும் வைத்தால் அது எந்த வரியிலும் சேராது. வேலை நடக்கும்போதே ஆறிக்கொண்டும் இருக்கும், முதல் வால்வுக்கு ஒரு சூடு, எட்டாவதுக்கு ஒரு சூடு. அதனால்தான் காலை ஆறு மணி வேலை என்கிறேன்.

மலையேறிக்கு முறை: கவரைக் கழற்றி, கிராங்க் முன்போல்ட்டில் 27 சாக்கெட் போட்டு, முன்னால் நின்று பார்த்தால் வலச்சுற்றாக மட்டும் திருப்பவும். பின்னோக்கித் திருப்பக் கூடாது. கேம் (வால்வைத் திறக்கும் தண்டு) போல்ட்டைப் பிடித்துத் திருப்பவே கூடாது, அது தளர்ந்துவிடும். கேம் மூக்கு, வால்வை அழுத்தும் ராக்கரை விட்டு நேர் எதிர்ப்பக்கம் திரும்பியதும் அந்த வால்வை அளக்கலாம். எது இன்டேக், எது எக்ஸாஸ்ட் என்று மானிஃபோல்ட் குழாயை நேர் பார்த்து முதலிலேயே சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்க. மாறிப்போனால் எக்ஸாஸ்ட்டில் 0.10 விழும், கதை முடிந்தது. மேல் கேப் நட், கீழ் லாக் நட் இரண்டுமே 14. வால்வு சுழலாமல் ஸ்பிரிங் தட்டைப் பிடிக்க மூன்றாவது ஸ்பேனர் வேண்டும். நேர் ஸ்பேனர் உள்ளே போகாது. இரண்டு சாதா 14ஐச் சூடுகாட்டி வளைத்துத் தர எந்த லேத்திலும் ஆள் உண்டு. இன்டேக்கில் 0.10 அளவுத் தகடு (ஃபீலர் கேஜ்) லேசாக இழுத்துக்கொண்டு போகணும், 0.15 நுழையக் கூடாது. லாக் நட்டை இறுக்கிய பிறகு மறுபடி அளக்கணும், இறுக்கும்போதுதான் நகரும். எட்டும் முடிய ஒன்றரை மணி நேரம்.

கொண்டலாம்பட்டி லேத்து
டேப்பட் சண்டை இருக்கட்டும். காலை உதறலும் வெள்ளைப் புகையும் ஹீட்டர் பிளக் (ஆறின என்ஜினை எடுக்க உள்ளே சூடு கொடுக்கறது) போனதாலதான். 1982ல நாலும் தனித்தனி வயர், பென்சில் டைப். ஒண்ணு போனா மத்த மூணு வேலை செய்யும், அதான் உதறிட்டு எடுக்குது. வயரைக் கழட்டி மீட்டர் வைங்க. நல்ல பிளக் ஒரு ஓமுக்குக் கீழ காட்டும், போனது ஒண்ணுமே காட்டாது. 1980க்கு முந்தின வண்டில நாலும் வரிசையா சுருள் டைப்பா வரும், ஒண்ணு போனா நாலும் அவுட். கடைல மாத்தி வாங்கிடாதீங்க.

கரும்புகைக்கு, டீசல் பம்ப் ரிப்பேர் கடையில ஃபுல் லோடு ஸ்குரூவை (முழுசா மிதிக்கும்போது போற டீசல் அளவை வைக்கிறது) கால் சுத்து குறைச்சா போதும். மேல காத்து கம்மி, டீசல் அதே அளவு, அதான் புகை.

பக்கம்புரட்டி
ஹீட்டர் பிளக் விஷயம் நூற்றுக்கு நூறு. பம்ப் சீலை உடைப்பதற்கு மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1500 மீட்டரில் காற்று ஏழில் ஒரு பங்கு குறைவு, உண்மைதான். அதற்காக டீசலைக் குறைத்தால் கீழே சேலத்தில் வண்டி மாடு மாதிரி நகரும். முதலில் ஏர் ஃபில்டர். அடுத்தது நாசில் (டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் முனை): புதுசு 115லிருந்து 125 பாரில் திறக்கும், ஓடியது 100க்குக் கீழே போகக் கூடாது. இன்ஜெக்டரைக் கழற்றும் ஒவ்வொரு தடவையும் அடியில் இருக்கும் ஹீட் ஷீல்டு வாஷர் நாலும் புதுசு, முறுக்கு 70லிருந்து 80 நியூட்டன் மீட்டர். பழைய வாஷரைத் திருப்பிப் போடுவதுதான் இங்கே வழக்கம். நசுங்கியது மறுபடி நசுங்காது, பக்கத்தில் கேஸ் கசிந்து நாசில் முனை வேகும். மூன்றாவது டைமிங் செயின். கேம் குறியைச் சேர்த்துவிட்டு கீழே புல்லியில் எத்தனை டிகிரி தள்ளி நிற்கிறதென்று பார்த்தால் அதுதான் செயின் நீட்சி. பம்பையும் அதே செயின்தான் ஓட்டுகிறது, நீண்டால் டீசலும் தாமதமாகத்தான் பாயும். பம்ப் டைமிங்கைச் சொட்டு முறையில், பிஸ்டன் உச்சிக்கு 24 டிகிரி முன்னே வருகிறதா பாருங்க, விநாடிக்கு ஒரு சொட்டு. இத்தனையும் சரியாக இருந்தும் புகை வந்தால் மூன்றாவதில் மிதிக்காமல் இரண்டாவதுக்கு இறங்குங்க, செலவே இல்லை.

கொண்டலாம்பட்டி லேத்து
வாஷர், நாசில், செயின் எல்லாத்துக்கும் ஜெர்மனி வரைக்கும் போகணுமா? டெம்போ டிராக்ஸ் என்ஜின் இதே ஓ.எம். 616தான், மெர்சிடஸ் லைசென்ஸ்ல இங்கயே செஞ்சது. கேஸ்கெட், வாட்டர் பம்ப், நாசில் எல்லாம் அதுல கிடைக்கும்.

அஸ்தம்பட்டி ஸ்பேனர்
இதுல மட்டும் நானும் புத்தகக்காரர் மாதிரி அளவைத்தான் நம்புவேன். வாஷர், கேஸ்கெட் போடலாம், பக்கத்துல வெச்சு ஒப்பிட்டுப் பார்த்துட்டு. பிஸ்டனை மட்டும் போன்ல ஆர்டர் பண்ணாதீங்க. 240டில பழசு 91.0 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), 2404 சிசி. 1978க்கு அப்புறம் வந்தது 90.9, 2399 சிசி. இடைல யாராவது போர் பண்ணியிருந்தா அது வேற. மைக்ரோமீட்டர் வெச்சுட்டுக் கடைக்குப் போங்க.

இன்னொண்ணு, யாரும் கேக்கல. சாவியை ஆஃப் பண்ணினதும் என்ஜின் உடனே நிக்குதா? இதை நிறுத்தறதும் கதவு லாக்கை இயக்கறதும் வேக்குவம் (காத்தை உறிஞ்சற வெற்றிடம்)தான். நாலஞ்சு விநாடி ஓடிட்டு நின்னா வேக்குவம் லீக். கதவு லாக் குழாயைக் கழட்டி அடைச்சுப் பாருங்க, அப்ப உடனே நின்னா லீக் கதவுல. அப்பவும் நிக்கலைன்னா வேக்குவம் பம்ப் டயஃப்ரமைப் பார்க்கணும். பிரேக் பூஸ்டருக்கும் அதே பம்ப்தான், அது போச்சுன்னா ஏற்காட்டுலேருந்து குப்பனூர் பக்கம் இறங்கும்போது கால் கல்லை மிதிச்ச மாதிரி இருக்கும். பிரேக் ஆயில் டாட் 4, வருஷம் ஒரு தடவை முழுசா மாத்தணும். புதுசு 230 டிகிரில கொதிக்கும், தண்ணி ஏறினது 155லயே கொதிச்சிடும்.

மலையேறி
காலையில் ஆறிய என்ஜினில் அளந்தாயிற்று. இன்டேக் நாலும் 0.10 ஒட்டி. எக்ஸாஸ்ட்டில் இரண்டுக்கு 0.15 தகடே நுழையவில்லை. ஹீட்டர் பிளக் ஒன்று செத்திருக்கிறது.

அஸ்தம்பட்டி ஸ்பேனர்
அப்ப கேப் குறைஞ்சு டைட்டாகும்னு நான் சொன்னது பலிச்சுது.

பக்கம்புரட்டி
டைட்டா இருந்தது சரி, அதற்கு மருந்து 0.30தான், 0.35 இல்லை. வைத்து 1000 கி.மீ. ஓட்டிவிட்டு அந்த இரண்டை மட்டும் மறுபடி அளங்க. நின்றால் நல்லது. மறுபடி இறுகியிருந்தால் சீட்டு தேய்ந்துகொண்டே போகிறது, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) அளங்க. நல்ல என்ஜின் 22லிருந்து 24 பார், 15 கடைசி எல்லை, சிலிண்டருக்குச் சிலிண்டர் 3க்கு மேல் வித்தியாசம் கூடாது.

கொண்டலாம்பட்டி லேத்து
அப்படி ஹெட்டைக் கழட்டறதா இருந்தா சீட்டு அளவு சொல்லுங்க, இங்கயே கடைஞ்சிடலாம்.